பட்டியலில் ‘ஏ’, ஈறில் இரத்தம்: ஒரு மாணவனின் பல் பராமரிப்பு – நிகழ்வு ஆய்வு

பள்ளி திறந்த ஜூன் மாதத்தின் இரண்டாவது வாரம். மதிய உணவில் சாதத்தையும் மீன் குழம்பையும் தட்டோடு தள்ளிவிட்டு, இடது கன்னத்தை முட்டியால் குத்திக்கொண்டான் தம்பி. மீன் குழம்பு என்றால் இரண்டாவது முறையும் தட்டை நீட்டுகிற பையன். நான்கு நாட்கள் இதே நடந்தது. ‘தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் நடத்தை’ என்று பதிவேட்டில் எழுதினோம். ஐந்தாவது நாள் உணவு பரிமாறும் அக்காதான் சொன்னார்: “டீச்சர், அவன் ஒரு பக்கமாகவே மெல்லுகிறான், பார்த்தீர்களா?” நாங்கள் பார்க்கவில்லை.

கடலூர் முதுநகர்ப் பக்கமிருந்து எங்கள் சிறப்புப் பள்ளிக்கு வரும் 15 வயது மாணவன் அவன். பள்ளியில் எல்லோரும் அவனைத் ‘தம்பி’ என்று கூப்பிடுவதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதம் பெற்ற பிறகே இதைப் பதிவு செய்கிறேன்.

பின்னணி

தம்பிக்கு மிதமான அறிவுசார் குறைபாடு. ஏறத்தாழ இருபது சொற்கள் பேசுவான். அதைவிடப் பல மடங்கு புரிந்துகொள்வான். ஐந்து வயதில் வலிப்பு தொடங்கியது. அன்றிலிருந்து பெனிடோயின் மாத்திரை சாப்பிடுகிறான். வலிப்பு கட்டுக்குள் இருக்கிறது. விரல்களில் பிடிமானம் குறைவு. பென்சில் அடிக்கடி நழுவும்.

அப்பா படகில் போகிறவர். அம்மா விடியற்காலை நான்கு மணிக்குத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கப் போய்விடுவார். கூடையை விற்று முடித்து வீடு திரும்பும்போது மதியம் இரண்டு ஆகிவிடும். ஆகவே தம்பியின் காலைப்பொழுது முழுவதும் ஆயாவின் கையில். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். வீட்டில் ஓர் அக்காளும் உண்டு, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

எங்கள் பள்ளியில் மாணவர்களின் திறனை மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறையைக் கொண்டு மதிப்பிடுகிறோம். சென்னையில் உருவான இந்தப் பட்டியலில் 18 பகுதிகள், பகுதிக்கு 20 வீதம் 360 திறன்கள். பிள்ளை ஒன்றைச் செய்தால் ‘ஏ’, செய்யாவிட்டால் ‘பி’. எது வரும், எது வராது என்று விரைவாகத் தெரிந்துகொள்ள இதைப் போல உதவும் கருவி எனக்கு வேறு கிடைத்ததில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தம்பிக்குப் பல் விளக்குதலில் ‘ஏ’ போட்டிருந்தது. என் கையெழுத்து. பிரஷ்ஷை எடுத்தான், பசையைப் பிதுக்கினான், வாயில் வைத்து ஆட்டினான், கொப்பளித்தான்; நான் ‘ஏ’ போட்டேன். அந்த இரண்டு ஆண்டுகளில் ஒருநாள்கூட அவன் வாய்க்குள் நான் எட்டிப்பார்க்கவில்லை.

வாயின் நிலை

எங்கள் மாணவர்களைப் பார்க்க அவ்வப்போது வரும் பல் மருத்துவர் அடுத்த வாரம் வந்தார். தம்பியை நாற்காலியில் உட்கார வைக்காமல் தானும் பாயில் உட்கார்ந்து, டார்ச்சை அவன் கையிலேயே கொடுத்து முதலில் தன் வாயைப் பார்க்கச் சொன்னார். பிறகு அவன் முறை. சில நொடிகள்தான் திறந்தான். அதற்குள் பார்க்க முடிந்தது இவ்வளவு:

கீழ் முன்பற்களுக்கு இடையே ஈறு மொட்டுமொட்டாக வீங்கி, பற்களின் பாதியை மூடியிருந்தது. அவற்றின் உட்பக்கம் மஞ்சள் காரை கல்லாக இறுகியிருந்தது. கீழ் இடது கடைவாய்ப்பல் ஒன்றில் ஆழமான சொத்தை. பஞ்சு பட்ட இடத்தில் இரத்தம்.

ஈறு வீக்கத்துக்கும் வலிப்பு மாத்திரைக்கும் உள்ள தொடர்பை அவர் விளக்கியபோதுதான் எனக்குப் பல விஷயங்கள் பிடிபட்டன. பெனிடோயின் சாப்பிடுகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஈறு வளர்ந்து தடிக்கலாம். மருந்து தொடங்கிய சில மாதங்களிலேயே இது தென்படும். முன்பற்களின் இடுக்கில்தான் முதலில் வரும். பல்லில் படியும் அழுக்குப் படலம் இதை மோசமாக்கும். வீங்கிய ஈறுக்குள் சோறு தங்கும், தங்கினால் புண்ணாகும், புண்ணானால் பிள்ளை பிரஷ்ஷை உள்ளே விடமாட்டான், விடாவிட்டால் படலம் இன்னும் ஏறும். இந்தச் சுழலில் நம் கைக்கு எட்டுவது படலம் ஒன்றுதான். மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது, குறைக்கவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பும். மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். அவருக்குப் பல் மருத்துவர் அன்றே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

சொத்தைக்கும் ஒரு காரணம் கிடைத்தது. இரவு மாத்திரையை ஆயா பொடித்து, வெல்லத்தோடு குழைத்து ஊட்டுகிறார், உடனே தூங்கவைத்துவிடுகிறார். தூக்கத்தில் உமிழ்நீர் குறையும். அந்த வெல்லம் விடியும்வரை பல்லோடு கிடக்கிறது. மாத்திரையை விழுங்கவைக்க அவர் கண்டுபிடித்த வழி அது. ஒரு வேளைகூட மருந்து தவறவில்லை என்பது அந்த வெல்லத்தால்தான். ஆகவே வெல்லத்தை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. மாத்திரைக்குப் பிறகு பல் விளக்கிவிட்டுப் படுக்கவையுங்கள் என்றோம். வரிசை மட்டும் மாறியது.

படிகள் ஏறின, படலம் இறங்கவில்லை

என் முதல் திட்டம் பயிற்சிப் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது. பல் விளக்குவதை 18 படிகளாகப் பிரித்தேன். ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்துக் கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டினேன். மதிய உணவுக்குப் பிறகு தினமும் பயிற்சி: கைமேல் கை வைத்து உதவி, பிறகு தொட்டுக்காட்டுதல், பிறகு சொல் மட்டும். முதல் வாரம் தம்பி 7 படிகளைத் தானே செய்தான். மூன்று வாரங்களில் 12. வரைபடம் அழகாக மேலே ஏறியது.

பல் மருத்துவர் வேறொன்றை அளந்துகொண்டிருந்தார். 1964-இல் சில்னஸும் லோவும் வகுத்த படலக் குறியீட்டின் எளிய வடிவம் அது. படலம் இல்லையென்றால் 0, சுரண்டினால் தெரிந்தால் 1, கண்ணுக்கே தெரிந்தால் 2, திரளாக அப்பியிருந்தால் 3. வாயை ஆறு இடங்களாகப் பிரித்துக்கொண்டோம்: மேலே இடது, நடு, வலது, கீழேயும் அதேபோல. இடத்துக்கு 3 வீதம், மிக மோசமான வாய்க்கு மொத்தம் 18. பயிற்சிக்கு முன் தம்பிக்கு 16. மூன்று வாரம் கழித்து 15.

அந்த இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாலை எனக்கு மறக்காது. மூடியைத் திறக்கிறான், பசையை வைக்கிறான், குழாயை மூடுகிறான், துண்டால் துடைக்கிறான். 18 படிகளில் பாதி வாய்க்கு வெளியே நடக்கிறது. வாய்க்குள் நடப்பதிலும் அவன் தேய்ப்பது மேல் முன்பற்களின் வெளிப்பக்கத்தை மட்டும். நோகாத இடம் அது ஒன்றுதான்.

‘சுத்தமாகத் தேய்’ என்று நாங்கள் நாளெல்லாம் சொல்கிறோம். சுத்தம் கண்ணுக்குத் தெரியாத சொல். வழுவழுப்பை நாக்கால் தடவி உணர்ந்து, இன்னும் போகவில்லை என்று முடிவு செய்ய நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. தம்பிக்கு அது தானாக வராது. வராததை 18 படங்களும் காட்டவில்லை.

இதற்கிடையே நன்கொடையாக வந்த மின்சாரப் பிரஷ் ஒன்றையும் முயன்றோம். அது ரீங்கரித்ததும் வாயை மூடியவன் அன்று முழுவதும் தண்ணீர் குடிக்கக்கூட மறுத்தான். அதைத் திரும்ப எடுக்கவில்லை.

ஆயாவின் விரல்

ஜூலைக் கடைசியில் அவன் வீட்டுக்குப் போனேன். காலை ஆறரை மணி. பின்வாசல் படியில் ஆயா மேல்படியில் உட்கார்ந்திருக்கிறார். தம்பி கீழ்ப்படியில், அவருடைய இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில், தலையை மடியில் சாய்த்து. பேன் பார்க்கிற மாதிரி. ஆயாவின் இடது உள்ளங்கையில் சிவப்புப் பல்பொடி. வலது ஆள்காட்டி விரலால் தொட்டு அவன் வாய்க்குள் விடுகிறார். எங்களிடம் சில நொடிக்கு மேல் திறக்காத வாய், அங்கே திறந்தபடியே இருக்கிறது. விரல் கன்னத்தின் உட்பக்கம் போய்க் கடைவாயைச் சுற்றிவிட்டு வருகிறது. ஆயா ஏதோ முணுமுணுக்கிறார். அவன் கண்ணை மூடிக்கொள்கிறான்.

முடித்ததும் ஆயா “தூ” என்றார். தம்பி முற்றத்தில் துப்பினான்.

என் பதிவேட்டில் ‘துப்பத் தெரியாது, பசையை விழுங்குகிறான்’ என்று எழுதியிருந்தேன். ஆயாவிடம் கேட்டேன். “நாவல்பழம் தின்று கொட்டையைத் துப்புகிற பிள்ளைக்கு இது தெரியாதா, டீச்சரம்மா?” என்றார். பள்ளியில் நாங்கள் சொன்னது ‘கொப்பளி’, ‘வாயைக் கழுவு’, ‘வெளியே விடு’. மூன்று பேர், மூன்று சொல். அவனுக்குத் தெரிந்த சொல் ‘தூ’.

பல்பொடி சரியா என்று கேட்டால், இல்லை. நறநறப்பான பொடி பல்லின் மேற்பூச்சைத் தேய்க்கும். அதில் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடும் கிடையாது. விரலும் பல்லிடுக்குக்குள் புகாது. ஆனாலும் அந்தப் படியில் நான் ஐந்து வாரமாகத் தேடிய ஒன்று பத்து ஆண்டுகளாக இருந்துகொண்டிருக்கிறது: தம்பி தன் வாயைத் திறந்துவிட மனதார ஒப்பும் ஓர் இடமும் ஒரு கையும். பின்னாலிருந்து தலையைத் தாங்கிக்கொண்டு விளக்கிவிடுங்கள் என்று பல் மருத்துவர்கள் பராமரிப்பாளர்களுக்குச் சொல்லித்தருகிற நிலையும் அதுவேதான். ஆயாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

திட்டத்தைத் திருப்பிப் போட்டோம். படியும் மடியும் ‘தூ’வும் அப்படியே இருக்கும், விரல் நுனியில் இருப்பது மட்டும் மெதுவாக மாறும். முதல் வாரம் விரலில் ஈரமான பழைய வேட்டித் துணி. இரண்டாவது வாரம் துணியில் அரிசியளவு ஃபுளோரைடு பசை. நுரை அதிகம் வராத பசையாகப் பார்த்து வாங்கினோம். நுரை வாயை நிறைத்தால் அவனுக்கு மூச்சு முட்டுகிறது. மூன்றாவது வாரம், சிறிய தலையும் மென்மையான இழையும் கொண்ட குழந்தைகள் பிரஷ். பிடியைத் தடிமனாக்கச் சைக்கிள் கடையில் கைப்பிடி உறை வாங்கி மாட்டினோம். அது தம்பியின் கையிலும் நழுவவில்லை, ஆயாவின் கையிலும் நழுவவில்லை. பள்ளியிலும் நாற்காலியை விட்டுவிட்டு வராந்தாப் படிக்கு மாறினோம். எல்லோரும் ஒரே சொல்: தூ.

ஒரு விதியை நானே சேர்த்தேன். தம்பி கையைத் தூக்கினால் பிரஷ் உடனே வெளியே வர வேண்டும், பாதியில் இருந்தாலும். முதல் சில நாட்கள் நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கினான். ஒவ்வொரு முறையும் எடுத்தோம். தூக்கினால் உண்மையாகவே நிறுத்துகிறார்கள் என்று தெரிந்த பிறகு தூக்குவது குறைந்தது. வாயைப் பிடித்துத் திறந்து விளக்கிவிடுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அழுக்குப் போகும். ஓர் ஆண்டு வாய் மூடிக்கொள்ளும்.

சிவப்பு

ஆகஸ்ட் மாதத்தில் பல் மருத்துவர் ஒரு சாயச் சொட்டு கொண்டுவந்தார். எரித்ரோசின் என்ற உணவுச் சாயம். சுத்தமான பல்லில் ஒட்டாது, படலத்தில் ஒட்டிச் சிவக்கும். உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, பஞ்சில் தொட்டுப் பற்களில் ஒற்றினார். கண்ணாடியைத் தம்பியிடம் கொடுத்தார்.

நாங்கள் பயந்தது, இரத்தம் என்று நினைத்து மிரளுவானோ என்று. உடன் வந்திருந்த ஆயாதான் மிரண்டுபோய் முந்தானையால் துடைக்கப் போனார். தம்பி கண்ணாடியை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, உதட்டை விரலால் இழுத்து, “பொடி” என்றான். தினமும் காலையில் வாயில் பார்க்கிற சிவப்பு அது. அவனுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை.

பிரஷ்ஷைக் கொடுத்தோம். தேய்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், தேய்த்தான். கீழ் முன்பற்களில் சிவப்பு போகப் போக அவனே இன்னும் உள்ளே தேய்த்தான். இதற்கு முன் ஒருமுறைகூட அவன் பிரஷ் போகாத இடம். சிவப்பு முழுவதும் போன பல்லை விரலால் தட்டி “போச்சு” என்றான். இருபது சொற்களில் அது இல்லை. எங்கே கற்றான் என்று தெரியவில்லை.

சாயத்தைத் தினமும் வைக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு ஒரு நாள். சாயம் இல்லாத நாட்களில் ‘சிவப்பு எங்கே?’ என்று கேட்டாலே பின்பக்கம் போகத் தொடங்கினான்.

யார் கை?

தம்பி முதலில் விளக்குவான். அதன் பிறகு ஆயாவோ நாங்களோ ஒரு சுற்று விளக்குவோம். ‘தம்பி முறை, ஆயா முறை’ என்று இதற்குப் பெயரும் வைத்தோம். சக ஆசிரியர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. 15 வயதுப் பையனுக்கு இன்னும் ஆயா பல் விளக்கிவிடுவதா, தற்சார்பு எங்கே போயிற்று என்று கூட்டத்தில் கேட்டார்கள்.

நானும் இருபது ஆண்டுகளாகத் தற்சார்பையே பாடமாக எடுத்தவள். அது பெரிய சொல்தான். ஆனால் தம்பியைத் ‘தானே செய்கிறான்’ என்று எழுதி நாங்கள் கையை எடுத்துக்கொண்ட அந்த இரண்டு ஆண்டுகளில் அவன் பெற்றது சொத்தைப்பல்லும் இரத்தம் கசியும் ஈறும். ஆயா அவனுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிவிடுகிறார். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. பல்லுக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்? உதவி வேண்டிய இடத்தில் உதவியைத் திட்டத்துக்குள்ளேயே எழுதி வைக்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே ஓர் ஆளை நம்பியிருப்பதுதான் ஆபத்து. அதனால் அம்மாவுக்கும் அக்காளுக்கும் அந்தப் படியிலேயே பழக்கினோம்.

சிதம்பரம்

சொத்தைப்பல் காத்திருக்காது. முதலில் நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத்தான் போனார்கள். வாயைத் திறக்காத பையனுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா அன்று அழுத அழுகையை ஆயா எனக்குச் சொன்னார். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 25-ஆம் பிரிவு, மருத்துவமனைகளில் இவர்களைக் கவனிப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை என்கிறது. அதைத் தாளில் எழுதி அம்மாவின் பையில் வைத்தேன்.

சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிக்கு மூன்று முறை போனோம். முதல் முறை நாற்காலியில் உட்கார்ந்து, ஏற்றி இறக்கி, கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியதுதான். இவ்வளவுக்குத்தானா பஸ் ஏறி வந்தோம் என்று அம்மா நினைத்திருப்பார். ஆனால் அந்த நாள்தான் மற்ற இரண்டு நாட்களையும் நடத்திக்கொடுத்தது. இரண்டாவது முறை கீழ் முன்பற்களின் காரையை, இரைச்சலிடும் கருவி இல்லாமல் கைக்கருவியால் எடுத்தார்கள். மூன்றாவது முறை பல்லை எடுத்தார்கள். காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டே அழைத்துப்போனோம்; மருந்துச் சீட்டின் நகலும் கையில் இருந்தது.

மரத்துப்போன உதட்டைத் தெரியாமல் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது இந்தப் பிள்ளைகளிடம் அடிக்கடி நடக்கும் விபத்து. மரப்பு தெளியும்வரை, மூன்று மணி நேரம், ஆயா அவன் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பஸ்ஸிலும்.

அடுத்த வாரம் கன்னத்தைக் குத்துவது நின்றது. நடத்தைப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தை மூடினோம்.

அளவுகள்

அக்டோபரில் படலக் குறியீடு 7. நவம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, குடும்பம் உறவினர் வீட்டில் பத்து நாட்கள் தங்கியது. பிரஷ் இங்கே, தம்பி அங்கே. படி இல்லை, கண்ணாடி இல்லை. பள்ளி திறந்தபோது 11. அதன் பிறகு பிரஷ்ஷும் பசையும் ஒரு சிறிய டப்பாவில் அவன் பள்ளிப் பையிலேயே இருக்கின்றன. வீட்டில் இன்னொரு பிரஷ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். பிப்ரவரியில் 5.

ஈறு வீக்கம் பாதிக்கு மேல் வற்றியிருக்கிறது. நரம்பியல் மருத்துவர் மருந்தைப் படிப்படியாக வேறொன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். ஆகவே வீக்கம் வற்றியதில் பிரஷ்ஷின் பங்கு எவ்வளவு, மருந்து மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பயிற்சியின் 18 படிகளில் அவன் தானே செய்பவற்றின் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும்: ஜூலையில் 12, பிப்ரவரியில் 13.

மதிப்பீட்டுத் தாளில் பழைய ‘ஏ’யின் கீழே இப்போது ஒரு வரி எழுதியிருக்கிறேன்: ‘முன்பற்கள் தானே, கடைவாய் ஆயாவோடு, படலம் 5.’

அந்த 5-இல் 2, மேல் வலது கடைவாயின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. பின்னாலிருந்து அந்த மூலைக்குப் போக வலது மணிக்கட்டை நன்றாக மடக்க வேண்டும். ஆயாவின் மணிக்கட்டு இப்போது அவ்வளவு மடங்குவதில்லை. போன வாரம் அக்காள் பள்ளிக்கு வந்தபோது பிரஷ்ஷை வாங்கிய கையைப் பார்த்தேன். இடது கைக்காரி. திங்கட்கிழமை முதல் அந்த மூலை அவளுடையது.